வெடித்த கைகளுக்கு எந்தக் களிம்பு? லெனேசியாவிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் மெரிபேங்க் பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்த ஓர் அக்கா, மகளுக்குக் குழந்தை பிறந்ததையொட்டி மே மாதத்தில் ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே உள்ள லெனேசியாவுக்கு வந்து தங்கியிருக்கிறார். வந்த மூன்றாம் வாரத்திலிருந்தே அவருடைய புறங்கைகள் சொரசொரத்து, விரல் கணுக்களில் வெடிப்பு விழுந்து, பெருவிரல் நுனிகள் பிளந்து எரியத் தொடங்கியிருக்கின்றன. மகள் கடையிலிருந்து 'தோலைச் சீர்படுத்தும் பாம்' என்று எழுதிய விலையுயர்ந்த டப்பா ஒன்றை வாங்கித் தந்திருக்கிறார். அதைப் பூசினால் எரிச்சல் குறைவதற்குப் பதிலாகச் சுருக்கென்று கூடுகிறதாம். இந்தக் களிம்பு போலியா, ஆயா காலத்துத் தேங்காய் எண்ணெயே போதுமா, அரசு கிளினிக்கில் வெள்ளை டப்பாவில் கொடுக்கும் கிரீம் நல்லதா, ஆடி மாதத்தில் கோயில் கூழுக்குப் பாத்திரம் துலக்கப் போகலாமா என்பவை அவருடைய கேள்விகள். மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் பல குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில் விடை சொல்ல முயல்கிறேன்.

அக்கா, உங்கள் டப்பா போலியாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. பெரும்பாலும் அது நல்ல களிம்பாகவே இருக்கும்; ஆனால் திறந்த வெடிப்பின் மேல், உலர்ந்த கையில், நாளுக்கு ஒரு தடவை மட்டும் பூசப்படுகிறது என்று உங்கள் விவரிப்பிலிருந்து ஊகிக்கிறேன். 'சீர்படுத்தும்' என்ற சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது. எந்தக் களிம்பும் தோலைத் தைத்துக் கொடுப்பதில்லை. தோல் தன்னைத் தானே சீர்படுத்திக்கொள்கிறது. அது வேலை செய்யும்போது காற்றும் சவுக்காரமும் குறுக்கே வராதபடி மேலே ஒரு கூரையைப் போடுவதுதான் களிம்பின் பணி. கூரை ஒழுகினாலும், நாளெல்லாம் யாராவது அதைப் பிய்த்துக்கொண்டிருந்தாலும், உள்ளே வேலை நடக்காது.

டர்பனில் இல்லாத தொல்லை இங்கே ஏன் வந்தது என்பதை முதலில் பார்ப்போம். டர்பன் கடலோரம், அங்கே குளிர்காலப் பகலிலும் காற்றில் ஈரம் இருக்கும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை பெரும்பாலும் கோடையில் பெய்துவிடுவதால், இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வானம் வறண்டு கிடக்கும். அதற்கு மேல் நாம் வீட்டுக்குள் ஹீட்டரைப் போடுகிறோம். 4 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கும் காற்று, தன்னால் ஏந்தக்கூடிய ஈரத்தில் 60 விழுக்காட்டை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்றை அறைக்குள் 20 பாகைக்குச் சூடேற்றினால் அதன் ஏந்தும் திறன் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். ஈரம் மட்டும் கூடியிருக்காது. ஆகவே ஈரப்பதம் 20 விழுக்காட்டளவுக்கு இறங்கிவிடும். அந்தக் காற்று தன் தாகத்தைக் கண்ணிலிருந்தும் உதட்டிலிருந்தும் கையிலிருந்தும் தீர்த்துக்கொள்கிறது. பேத்தியின் அறையில் இரவு முழுவதும் ஹீட்டர் எரிகிறது என்று நீங்கள் எழுதியிருந்தது உங்கள் கைக்கும் பொருந்தும் செய்திதான்.

தோலின் மேற்புற அடுக்கைச் செங்கல் சுவர் போல எண்ணிக்கொள்வது வழக்கம். உயிரற்ற தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றின் இடையிலுள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. அந்தச் சாந்தில் செராமைடுகள் ஏறத்தாழ பாதி, கொலஸ்ட்ரால் கால் பங்கு, மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். சாந்து சரியாக இருக்கும் வரை உடலின் நீர் வெளியே கசியாது. வெளியிலிருந்து எரிச்சலூட்டும் பொருள்களும் உள்ளே நுழையமாட்டா. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகள் அறவே கிடையாது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். முகமும் தலையும் தங்களுக்கு வேண்டிய எண்ணெயைத் தாங்களே சுரந்துகொள்ளும். உள்ளங்கைக்கும் விரல் நுனிக்கும் அந்த வசதி இல்லை. ஒரே குளிரில் முகம் தப்பித்துக் கை மாட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளிர் பாதிப் பழியைத்தான் சுமக்க வேண்டும். மறுபாதி தண்ணீரையும் சவுக்காரத்தையும் சேரும். நலமான தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். ஏறத்தாழ 5. சாதாரணச் சவுக்காரக் கட்டியோ 9 முதல் 10 வரை உள்ள காரம். அது அழுக்கோடு சேர்த்துச் சாந்தையும் கரைத்துக்கொண்டு போகிறது; மேற்பரப்பைக் காரமாக்கிவிட்டு, புதிய சாந்தை உண்டாக்கும் நொதிகளின் வேலையையும் மந்தப்படுத்துகிறது. பாத்திரம் துலக்கும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை வெட்டுவதற்காகவே செய்யப்பட்டது. கறிச்சட்டியின் எண்ணெய்க்கும் கையின் எண்ணெய்க்கும் அது வேறுபாடு பார்ப்பதில்லை. வேலையிடத் தோல் நோய்களைக் கவனிக்கும் மருத்துவர்கள், ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை நனைந்திருப்பதையோ 20 தடவைக்கு மேல் கை கழுவுவதையோ 'ஈர வேலை' என்ற ஆபத்துக் கணக்கில் சேர்க்கிறார்கள். பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் பால்புட்டி, துணி, சமையல், குழந்தையைத் தூக்கும் முன் ஒரு கழுவல், தூக்கிய பின் ஒரு கழுவல் என்று எண்ணிப் பார்த்தால், நீங்கள் மதிய உணவுக்கு முன்பே அந்த 20-ஐத் தாண்டியிருப்பீர்கள். ஆலைத் தொழிலாளிக்கு இந்தக் கணக்கைப் போடும் நாம் வீட்டிலுள்ள பெண்களுக்குப் போடுவதில்லை என்பது என் பழைய மனக்குறை.

இனி டப்பாவுக்குள் வருவோம். கைக்களிம்புகளில் இருக்கும் பொருள்கள் எத்தனை பெயரில் வந்தாலும் மூன்று வகை வேலையைத்தான் செய்கின்றன. கிளிசரின், யூரியா, பாந்தெனால் போன்றவை நீரைப் பிடித்து வைப்பவை. ஷியா வெண்ணெய், தாவர எண்ணெய்கள் போன்றவை இடுக்குகளை நிரப்பிச் சொரசொரப்பைத் தணிப்பவை. வாசலின் என்று நாம் சொல்லும் பெட்ரோலியம் ஜெல்லி, தேன்மெழுகு, ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின், டைமெத்திகோன் ஆகியவை மேலே மூடி நிற்பவை. 'பாம்' என்று பெயரிடப்பட்டவற்றில் பொதுவாகத் தண்ணீர் இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும். மெழுகும் எண்ணெயுமே அதன் உடல். தண்ணீர் இல்லாததால் கிருமி வளர்வது கடினம். ஆகவே பதப்படுத்தும் இரசாயனங்களும் குறைவாகவே தேவைப்படும். வெடித்த கைக்கு இது பெரிய நன்மை. மெல்லிய லோஷனில் பெரும்பகுதி தண்ணீர்தான். பூசியவுடன் குளுமையாக இருக்கும், பதினைந்து நிமிடத்தில் காய்ந்துவிடும்.

அப்படியானால் உங்களுக்கு ஏன் எரிகிறது? இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். முதலாவது யூரியா. 5 முதல் 10 விழுக்காடு யூரியா நீரைப் பிடித்து வைக்கும் நல்ல பொருள். 20-க்கு மேல் போனால் தடித்த தோலைக் கரைத்து உதிர்க்கும், குதிகால் பித்தவெடிப்புக்கு அதனால்தான் அதைத் தருகிறார்கள். ஆனால் திறந்த வெடிப்பில் பட்டால் குறைந்த அளவு யூரியாவும் உப்புத் தூவியதுபோல் எரியும். இந்த எரிச்சல் சில நிமிடங்களில் தணிந்துவிடும். பின்னால் அரிப்போ தடிப்போ வராது. இரண்டாவது காரணம் வாசனைப் பொருள்கள். லாவண்டர், டீ ட்ரீ, எலுமிச்சைப் புல் போன்ற எண்ணெய்களை இயற்கையானவை என்று பெருமையாக எழுதி விற்கிறார்கள். தோலுக்கு ஒவ்வாமை தரும் பொருள்களில் வாசனைப் பொருள்கள் முன்வரிசையில் நிற்கின்றன என்பதை யாரும் எழுதுவதில்லை. ஒவ்வாமையாக இருந்தால், பூசிய ஓரிரு நாள்களில் அரிப்பும் சிறு கொப்புளங்களும் தோன்றி, மறுமுறை பூசும்போது மோசமாகும். லனோலினும் தேனீப் பிசினும் கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. டப்பாவின் பின்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியலில் நறுமணம் என்ற பொருளுடைய சொல் இருந்தால், வெடிப்பு ஆறும் வரை அந்த டப்பாவை மூடியே வையுங்கள்.

ஜாம்பக் பற்றியும் நீங்கள் கேட்காமலேயே சொல்கிறேன், ஏனென்றால் இந்த நாட்டில் அந்தப் பச்சைக் களிம்பு இல்லாத பாட்டி வீடு குறைவு. கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் கலந்தது அது. அந்த ஜில்லென்ற உணர்ச்சியைக் குணமாகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பிளந்த விரல் நுனிக்கு அந்த உணர்ச்சி தேவையில்லாத தூண்டல். பிறந்த குழந்தையைத் தூக்கும் கையில் கற்பூரம் கலந்த எதையும் பூசிக்கொள்ளாமல் இருப்பது எல்லா வகையிலும் நல்லது.

என்னைக் கேட்டால், ஆறும் வரைக்கும் வாசனை சேர்க்காத வெள்ளை வாசலினைவிடச் சிறந்த தொடக்கம் கிடையாது. அமெரிக்காவின் எண்ணெய்க் கிணறுகளில் குழாய்களை அடைத்துக்கொண்டு தொல்லை தந்த ஒரு பிசுக்கை, தொழிலாளர்கள் வெட்டுக்காயத்தில் பூசிக்கொள்வதைக் கண்ட இராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலாளர், அதைத் தூய்மைப்படுத்தி 1872-இல் காப்புரிமை பெற்றார். அன்றிலிருந்து இன்றுவரை, தோலிலிருந்து நீர் ஆவியாவதைத் தடுப்பதில் அதை வெல்ல எளிய பொருள் எதுவும் வரவில்லை. சோதனைகளில் அது 98 விழுக்காட்டுக்கு மேல் தடுத்ததாகக் கண்டிருக்கிறார்கள். லனோலினும் மற்ற எண்ணெய்களும் 20, 30 விழுக்காட்டோடு நின்றுவிடுகின்றன. வாசலின் தோலை மூச்சுவிடாமல் செய்யும் என்ற பேச்சில் பொருளில்லை. தோல் வேலை செய்யத் தேவையான உயிர்வளி இரத்தத்தின் வழியாகவே பெரிதும் வருகிறது. வாசலினின் குறை ஒன்றுதான்: பிசுபிசுப்பு. பகலில் அதைப் பொறுக்கமாட்டாதவர்கள் பகலுக்கு வாசனையற்ற கிளிசரின் கிரீமையும் இரவுக்கு வாசலினையும் வைத்துக்கொள்ளலாம். செராமைடு சேர்த்த களிம்புகளும் நல்லவையே. பணம் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் ஏங்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் பற்றிக் கேட்டீர்கள். அது தீங்கு செய்யாது, ஓரளவு உதவும். டர்பனில் புட்டியிலிருந்து ஊற்றிய அதே எண்ணெய் இங்கே கட்டியாக உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். ஆக ஜோகன்னஸ்பர்க் குளிர்காலம் தேங்காய் எண்ணெயைத் தானாகவே ஒரு களிம்பாக்கித் தருகிறது என்று சொல்லலாம். ஆனால் கையில் பட்டவுடன் அது உருகி ஓடிவிடும். மூடி நிற்கும் திறன் குறைவு. முதலில் எண்ணெய், அதன் மேல் மெல்லிய வாசலின் என்று பூசினால் ஆயாவும் மகிழ்வார், தோலும் மகிழும். ஆலிவ் எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள். அதில் மிகுந்துள்ள ஓலிக் அமிலம் தோலின் சாந்தைத் தளர்த்துகிறது. இந்த நாட்டில் புகழ்பெற்ற மருலா எண்ணெயிலும் அந்த அமிலமே மிகுதி. நலமான தோலுக்கு அது இருக்கட்டும். லினோலிக் அமிலம் மிகுந்த சாதாரணச் சூரியகாந்தி எண்ணெய் வெடித்த தோலுக்கு அவற்றைவிட உகந்தது. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் வயல் வயலாக விளைந்து நம் சமையலறை அடுக்கில் நிற்கும் அதே எண்ணெயைத்தான் சொல்கிறேன்; புட்டியில் 'உயர் ஓலிக்' என்று எழுதியிருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கிளிசரினோடு எலுமிச்சைச் சாறு கலந்து பூசும் பழைய வழக்கத்தை மட்டும் உடனே நிறுத்துங்கள். சாறு வெடிப்பை எரிக்கும். பூசிய கையோடு வெயிலில் நின்றால் எலுமிச்சை வகைகள் தோலைப் பொசுக்கிக் கருந்திட்டுகளையும் விட்டுச்செல்லும். கற்றாழை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: இங்குள்ள கேப் கற்றாழையை வெட்டியவுடன் ஒழுகும் மஞ்சள் கசப்புப் பால் தோலை உறுத்தும், அதை வடித்துக் கழுவிய பிறகு கிடைக்கும் உட்சோறுதான் குளுமை தருவது.

கிளினிக்கில் தரும் வெள்ளைப் பொருள் இரண்டு வகைப்படும். இரண்டையும் மக்கள் ஒன்றென்று எண்ணிக்கொள்கிறார்கள். யூ.இ. என்று எழுதியிருக்கும் எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட் கெட்டியான, தண்ணீரில்லாத களிம்பு. யூ.இ.ஏ. என்று எழுதியிருப்பது அதையே தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்த அக்குவஸ் கிரீம். இரண்டாவதில் பல தயாரிப்புகளில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரைப்பொருள் சிறிதளவு இருக்கும். நலமான தோலிலேயே அந்தக் கிரீமை 4 வாரம் பூசி வைத்துப் பார்த்ததில் மேலடுக்கு மெலிந்து, நீர் கசிவது கூடியதை 2010-இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு கண்டது. 2013-இல் அந்நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் இது பற்றி எச்சரித்தது. ஆகவே அக்குவஸ் கிரீமைச் சவுக்காரத்துக்குப் பதிலாகக் கையில் தேய்த்துக் கழுவிவிடப் பயன்படுத்துங்கள். பூசி அப்படியே விட்டுவிட வேண்டாம். இரவில் பூசி வைத்திருக்க முடிந்தவரை கெட்டியானதையே கேட்டு வாங்குங்கள். அதிலும் அந்த நுரைப்பொருள் சிறிது இருக்கக்கூடும் என்பதால், எரிந்தால் வாசலினுக்கே திரும்பிவிடுங்கள்.

பூசும் முறையில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். வெதுவெதுப்பான நீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் இன்னும் ஈரப்பசை இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் களிம்பைப் பூசிவிட வேண்டும். உலர்ந்த கையில் மெழுகைப் பூசினால் உலர்வைத்தான் மூடி வைக்கிறோம். விரல் இடுக்கு, நகக்கண், பெருவிரலின் பக்கவாட்டு ஆகியவற்றை மறந்துவிடாதீர்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள், அதன் அடியில் தங்கும் சவுக்காரமே பலருக்குப் படையைத் தொடங்கிவைக்கிறது. எவ்வளவு பூசுவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. குழாயிலிருந்து ஆட்காட்டி விரலின் நுனிமுதல் முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அது ஏறத்தாழ அரை கிராம். ஒரு கையின் இரு புறத்துக்கும் அது போதும். இரு கைகளுக்கும் 1 கிராம். நாளுக்கு ஆறு தடவை பூசினால் 50 கிராம் டப்பா எட்டு நாளில் தீர்ந்துவிடும். விலை உயர்ந்த டப்பாவை யார் எட்டு நாளில் தீர்ப்பார்கள்? பட்டாணி அளவில் பாதியை எடுத்து, மிச்சம் பிடித்து, மாதக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். பிறகு களிம்பு வேலை செய்யவில்லை என்பார்கள். மலிவான பெரிய டப்பாவை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற்காரணம். குளியலறையில் ஒன்று, சமையலறைக் குழாயடியில் ஒன்று, கைப்பையில் ஒன்று என்று வைத்துவிட்டால் பூசுவது தானாக நடக்கும்.

இரவில் தாராளமாகப் பூசி, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள். பழைய பருத்திக் காலுறையும் போதும். பிளந்த விரல் நுனிக்கு வாசலின் வைத்து மேலே ஒரு பிளாஸ்திரியைச் சுற்றிவிட்டால், மறுபடி மறுபடி பிளப்பது நின்று சில நாள்களில் கூடிவிடும். இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசலின் போன்ற களிம்புகள் ஊறிய துணி, நெருப்புப் பட்டால் விளக்குத் திரி போலவே குப்பென்று பற்றிக்கொள்ளும். துவைத்தாலும் அந்தப் பிசுக்கு முழுமையாகப் போவதில்லை. 2018-இல் பிரிட்டன் இதற்காக எச்சரிக்கை வெளியிட்டது. அதிகாலையில் கையுறையைக் கழற்றாமலேயே குத்துவிளக்கை ஏற்றவோ கற்பூரம் கொளுத்தவோ போகாதீர்கள். ஹீட்டரின் சிவந்த கம்பிக்குப் பக்கத்திலும் அந்தக் கையோடு உட்காராதீர்கள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

பகலில் தண்ணீர் வேலைக்கு ரப்பர் கையுறை வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம்: எண்ணெய்க் களிம்பு லேட்டக்ஸ் ரப்பரை அரித்து இளக்கிவிடும், ஆகவே வினைல் அல்லது நைட்ரில் கையுறையை வாங்கி, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கால் மணி, அரை மணிக்கு மேல் போனால் உள்ளே வியர்த்து, அந்த ஈரமே தோலை ஊறவைத்துக் கெடுக்கும். இடையிடையே கழற்ற வேண்டும். கையில் அழுக்குத் தெரியாதபோது சவுக்காரத்துக்குப் பதில் கிளிசரின் கலந்த ஆல்கஹால் திரவம் தோலுக்குக் குறைவாகவே கெடுதல் செய்கிறது. வெடிப்பில் பட்டால் அது எரியும். எரிவதால் அதுதான் கையைக் கெடுத்தது என்று பழி சுமத்துகிறோம். உண்மையில் அதற்கு முன்பே சவுக்காரம் வாசலைத் திறந்து வைத்திருக்கும். பச்சை மிளகாய் நறுக்கிய கை எரிந்தால் வெறும் தண்ணீரை ஊற்றாதீர்கள். மிளகாயின் காரம் எண்ணெயில்தான் கரையும். முதலில் சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்து, பிறகு இலேசாகக் கழுவுங்கள்.

ஆடிக் கூழுக்கு வருகிறேன். இங்கே 'பாரிஜ் பிரேயர்' என்று ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிவிட்ட மாரியம்மன் கூழ், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, அதாவது ஹைவெல்ட் என்னும் இந்த மேட்டுநிலத்தின் கடுங்குளிரில்தான் வருகிறது. டர்பன் கோயில் முற்றத்தில் குந்தியிருந்து அண்டாக்களைத் துலக்கிய கை, இங்கே பனிநீரில் அதையே செய்தால் ஒரே நாளில் ஒரு மாத ஆறுதலை இழந்துவிடும். அடியில் பிடித்த மீலி என்னும் மக்காச்சோள மாவைக் கம்பிச் சுருணையால் சுரண்டுவதும், பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவதும் இரட்டை அடி. ஒன்று உராய்வு, மற்றொன்று அமிலம். போகவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். வேப்பிலை கட்டுவதையும் பரிமாறுவதையும் நீங்கள் எடுத்துக்கொண்டு, அண்டாவை இளவட்டங்களிடம் விடுங்கள். மஞ்சள் நீரில் கை வைப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் மஞ்சளை வெடிப்பில் குழைத்து அப்புவது ஆறுவதற்கு உதவுவதைக் காட்டிலும் தோலை உலர்த்துவதையே மிகுதியாகச் செய்யும்.

எல்லா வறட்சியும் வறட்சி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு கை மட்டும் உரிந்து, இரண்டு பாதங்களும் உரிந்தால் அது பூஞ்சைப் படையாக இருக்கலாம். விரல் இடுக்கில் அரிப்பு இரவில் கூடி, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் சிரங்கை எண்ணிப் பாருங்கள். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. உள்ளங்கையிலும் விரல் பக்கங்களிலும் சவ்வரிசி போன்ற ஆழமான கொப்புளங்கள் வந்தால் அது ஒரு வகைக் கரப்பான். தலைச்சாயம் பூசிய பின்னோ புதுக் கையுறை போட்ட பின்னோ தொடங்கியிருந்தால் ஒவ்வாமை. சீழ், மஞ்சள் பொருக்கு, வீக்கம், வெதுவெதுப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், நீரிழிவு உள்ளவர்களுக்கு வெடிப்பு ஆழமாக இருந்தாலும், களிம்போடு காலம் கடத்தாமல் கிளினிக்குக்குப் போங்கள். 1996 முதல் அடிப்படைச் சிகிச்சை அங்கே இலவசம். மேற்சொன்னபடி இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் தணியவில்லை என்றாலும் போக வேண்டும். நூல்களில் 'சிவந்திருக்கும்' என்று எழுதியிருப்பதை நம் தோலில் தேடாதீர்கள். நம் நிறத்தில் அழற்சி பழுப்பாகவோ ஊதா கலந்த சாம்பலாகவோ தெரியும். இதைக் காணாமல் விட்டுவிடும் மருத்துவர்களும் இருக்கிறார்கள், நீங்களே சுட்டிக்காட்டலாம்.

அழற்சி ஆறிய பின்னும் கணுக்களில் கருமை சில மாதம் தங்கும். அதை வெளுக்கச் செய்கிறேன் என்று சந்தைகளில் பெயரில்லாத டப்பாக்களை விற்பவர்களிடம் போய்விடாதீர்கள். ஹைட்ரோகுவினோன் கலந்த வெளுப்பு கிரீம்களை இந்த நாடு 1990-இலேயே தடை செய்தது. தடைக்குப் பிறகும் கள்ளத்தனமாக அவையும், வீரியமான ஸ்டீராய்டு கலந்தவையும் புழங்குகின்றன. ஸ்டீராய்டு மருத்துவர் கையில் நல்ல மருந்து, சில நாளில் அரிப்பை அடக்கிவிடும். அளவில்லாமல் பூசினால் தோல் காகிதமாக மெலிந்து, நாம் தொடங்கிய இடத்தைவிடக் கீழே கொண்டுபோய் விட்டுவிடும்.

கடைசியாக, மகள் வாங்கித் தந்த அந்த டப்பா. எறிந்துவிடாதீர்கள், பரிசாக வந்தது. வெடிப்பு முழுதும் கூடிய பிறகு, முழங்கையின் உட்புறத்தில் காசு அளவு இடத்தில் காலையும் மாலையும் அதைப் பூசி ஒரு வாரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ வரவில்லையென்றால், எரிச்சல் யூரியாவினால் வந்தது என்று கொண்டு அதையே கைக்குப் பயன்படுத்தலாம். வந்தால், அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது. மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் பொருள்பட்டியலை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கிளினிக்குக்குப் போகும் நாளில் மருத்துவர் முதலில் கேட்கக்கூடியது அதுதான்.